கதவுக்கு வெளியே கேட்ட படம்

புரொஜெக்டரை நிறுத்திய பிறகும் அதன் விசிறி கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓய்ந்ததும் தியேட்டர் கதவு திறக்கும். முதலில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வருவார். பின்னால் எங்கள் அதிகாரியும் மற்றவர்களும். எல்லோரும் போன பிறகு, கண் கூசுவது சரியாகட்டும் என்று வாசலிலேயே நின்றிருந்துவிட்டு, டீச்சர் வருவார்.

அன்றும் அப்படித்தான் வந்தார். சாம்பல் நிறக் கைத்தறிச் சேலை, தோளில் துணிப்பை, கையில் கோடு போட்ட நோட்டு. அன்றைய படத்தைப் பற்றித் தம் கருத்தை எழுதிய தாளை எடுப்பதற்காக என் மேஜையருகே நின்று நோட்டைப் பிரித்தார். அடையாளத்துக்காக வைத்திருந்த ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். கெட்டி அட்டையில் வரும் ரயில் டிக்கெட்டின் ஒரு பாதி. திரும்பிப் போவதற்கான பாதி. வி.டி. ஸ்டேஷனிலிருந்து செம்பூர் என்று அச்சாகியிருந்தது.

"குடுங்க சார். அது இல்லாம வீட்டுக்குப் போக முடியாதுல்லா" என்று சிரித்துக்கொண்டே வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவருடைய பயணப்படி வவுச்சர் அப்போது என் கைக்குக் கீழே இருந்தது. வசிப்பிடம் என்ற இடத்தில், எப்போதும் எழுதுவதைப் போலவே, மாதுங்கா என்று எழுதியிருந்தார். வவுச்சருக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

துப்பாக்கி எட்டு, அழுகை இரண்டு

சினிமாப் படங்களைத் தணிக்கை செய்து சான்றிதழ் கொடுக்கும் சர்க்கார் வேலையில் பம்பாயில் நான் குமாஸ்தாவாக இருந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், எத்தனையோ படங்களை இலவசமாகப் பார்த்திருப்பீர்களே என்று பொறாமையோடு கேட்டிருக்கிறார்.

பார்த்ததில்லை. படத்தைப் பார்ப்பதற்கென்று அழைக்கப்பட்ட உறுப்பினர்களும் அதிகாரியும்தான் உள்ளே உட்காரலாம். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த சின்னத் தியேட்டர் அது. கதவுக்கு வெளியே, நடைவழியில் என் மேஜை. வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது, படம் முடிந்ததும் பயணப்படி கொடுப்பது, அடுத்த படத்துக்கு யார் யார் வரவேண்டும் என்று அஞ்சல் அட்டை எழுதிப்போடுவது, இவை என் வேலை. படம் ஓடும் நேரம் முழுவதும் சத்தம் மட்டும் கதவு வழியாக வரும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாட்குறிப்பு எழுதும் பழக்கம். ஆகவே கேட்டதை எழுதி வைத்தேன். அந்த ஆண்டுகளின் நாட்குறிப்பை இப்போது பிரித்தால் இப்படி இருக்கிறது: "இந்திப் படம். பாட்டு ஏழு. துப்பாக்கி எட்டு, அழுகை இரண்டு. கடைசியில் கோயில் மணி." இன்னொரு நாள்: "ஆங்கிலப் படம். ஒருவரும் அதிகம் பேசவில்லை. குதிரைகள்."

முடிவு மட்டும் எனக்குத் தெரியாது. சினிமாவில் கோயில் மணி கல்யாணத்துக்கும் அடிக்கும், சாவுக்கும் அடிக்கும்.

முடிவை எனக்குச் சொன்னவர் டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பம்பாயில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு மாதுங்காவில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். உறுப்பினர்கள் படத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது ரகசியம். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கதையின் முடிவு ரகசியம் இல்லை என்று அவரே ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்.

"அந்தப் பிள்ளை கடைசில ரயில் ஏறிருச்சு, சார். அதச் சொன்னா தப்பில்லயே" என்பார். அல்லது, "ரெண்டு பேரும் செத்துட்டாங்க. தேவையே இல்ல" என்பார். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாது.

நான் அப்போது மாதுங்காவில் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். மூவருக்கும் வெவ்வேறு வேலை நேரம். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் தூங்குவார். மெஸ்ஸில் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடலாம். அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் மராத்தியும். வாரத்தில் இரண்டு நாள் டீச்சர் சொல்லும் அந்த இரண்டு வாக்கியம்தான் எனக்கென்று ஒருவர் தமிழில் பேசியது என்பதைப் பிற்பாடு நாட்குறிப்பைப் புரட்டும்போது கண்டுகொண்டேன்.

ஆடும் நம்மது

இந்த வேலைக்கெல்லாம் காசு யார் கொடுத்தார்கள் என்பதையும் அந்த வாசகர் கேட்டிருக்கிறார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

படத்தை எடுத்தவர்தான் கொடுக்கவேண்டும். படத்தின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம். தியேட்டர் வாடகையும் அவர் பொறுப்பு. கட்டணத்தைக் கட்டிய சலான் இல்லாமல் டப்பாவைத் திறக்கக்கூட மாட்டோம்.

படச்சுருள் டப்பாக்களை மூன்று மாடி சுமந்து வருபவர்களில் முத்தையா என்று ஒருவர் இருந்தார். தாராவிக்காரர், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஒரு விநியோகக் கம்பெனியில் வேலை. டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்:

"ஏன் சார், ஆடும் நம்மது, வெட்டுற கத்திக்கும் நாமதான் காசு குடுக்கணுமா?"

கத்தி எப்போதும் வெட்டுவதில்லை, பல படங்கள் முழுசாகவே திரும்பிப் போகின்றன என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவனிடம் போய் வேடிக்கை பேசினோமே என்று இருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். படக்காரர்கள் கட்டிய பணம் எங்களிடம் வராது. அது நேரே சர்க்கார் கஜானாவுக்குப் போய்விடும். எங்கள் செலவுக்கு ஆண்டின் தொடக்கத்தில் தனியாக ஒரு தொகை ஒதுக்குவார்கள். படங்கள் கூடினால் கஜானாவுக்கு வரவு கூடும். படங்கள் கூடினால் அவற்றைப் பார்க்க வருபவர்களின் பயணப்படியும் கூடும். ஆனால் ஒதுக்கிய தொகை கூடாது. ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத இரண்டு சகோதரர்களைப் போல அந்தப் பணமும் இந்தப் பணமும் இருந்தன.

ஒரு விசாரணை

டிக்கெட்டுக்கு வருகிறேன்.

மாதுங்காவைவிடத் தூரமான செம்பூரிலிருந்து வருகிறவர் மாதுங்கா என்று எழுதினால் அவருக்குக் குறைவான பயணப்படி கிடைக்கும். சர்க்காருக்கு அதில் நஷ்டம் இல்லை. யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனாலும் வவுச்சரில் இருப்பது உண்மை இல்லை. மூன்று நாள் இது என்னை அரித்தது. அதோடு, ஓய்வூதியத்தில் இருக்கும் ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை கைக்காசைச் செலவழித்து சர்க்கார் வேலைக்கு வருகிறாரே என்றும் இருந்தது. கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நானே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில், பதிவேட்டில் இருந்த அவருடைய விலாசத்துக்குப் போனேன். என் அறையிலிருந்து ஐந்து நிமிட நடைதான். வாசலில் இருந்த கூர்க்கா இந்தியில் சொன்னார்: தம்பிக்கு வெளியூர் மாற்றல் ஆகி ஆறு மாதம் முன்பே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், அந்த அம்மா மட்டும் செம்பூரில் ஓர் அறை எடுத்துப் போயிருக்கிறார், கடிதம் வந்தால் அனுப்பச்சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு தாளைக் காட்டினார். அதே உருண்டையான கையெழுத்து. நான் அந்த விலாசத்தை நகல் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பதிவேட்டில் மாதுங்காவை அடித்து, செம்பூர் என்று எழுதி, ஓரத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். ஆறு மாதத்துக்கான வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒரு குறிப்பு எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்து, உன்னைப் போல ஓர் ஆள் இருந்தால் போதும் என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. உறையில் பணத்தைப் போட்டு, நான்கு மூலையும் சரியாக மடித்து ஒட்டி வைத்தேன்.

உறை

டீச்சர் உறையைப் பிரித்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"இது அதிகமா இருக்கே, சார்."

சரியாகத்தான் இருக்கிறது, இத்தனை நாள் உங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, டிக்கெட்டைப் பார்த்ததையும் கூர்க்காவிடம் கேட்டதையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பார்த்துப் பயந்திருக்கக்கூடிய முகம் அது என்று நினைத்தேன். ஆனால் கோபம் இல்லை.

"நான் கேட்டேனா, சார்?"

நான் பதிவேட்டைத் திறந்து, திருத்திய வரியைக் காட்டினேன்.

"பழையபடி மாதுங்கான்னே போட்டுருங்க. இந்த ரூபாயத் திருப்பித் தந்துருதேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன்."

முடியாது என்றேன். அதிகாரி கையெழுத்திட்டாகிவிட்டது. தவிர, அது உண்மையும் அல்ல.

"ஆமா, உண்மை இல்ல" என்றார். பணத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, சார்."

அன்று அவர் முடிவைச் சொல்லாமல் போய்விட்டார். நாட்குறிப்பில் அந்தப் படத்துக்கு எதிரே காலியாக இருக்கிறது.

சிவப்புப் பென்சில்

எல்லையில் போர் நடந்து முடிந்திருந்த சமயம். எல்லாச் சர்க்கார் அலுவலகங்களிலும் சிக்கனம். வந்த உறைகளைப் பிரித்து உட்புறம் வெளியே வருமாறு ஒட்டி மறுபடி அனுப்பினோம். நடைவழியில் இரண்டு விளக்கில் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள்; நான் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பயணப்படிக்கும் சிக்கனம் வந்தது. கூடியவரை அருகில் வசிக்கும் உறுப்பினர்களையே படம் பார்க்க அழைக்கவேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, எல்லா உறுப்பினர்களையும் தூரத்தின்படி வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் கேட்டார்.

எழுதினேன். இத்தகைய பட்டியல் எழுதுவதில் எனக்கு ஈடு இல்லை என்று பெயர். கொலாபாவில் ஆரம்பித்து, பைகுல்லா, தாதர், மாதுங்கா என்று வந்து, இன்னும் தூரம் போய், கடைசி வரியில் செம்பூர். மாதுங்காவில் இருந்திருந்தால் டீச்சரின் பெயர் நடுவில் வந்திருக்கும். நடுவில் வரும் பெயர்களை யாரும் பார்ப்பதில்லை.

அதிகாரி சிவப்புப் பென்சிலை எடுத்துக் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே மூன்று பெயர்கள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்ன என்று கேட்டார். இந்த அம்மாவை மாதுங்காவுக்கான பயணப்படியிலேயே அழைக்கலாமே, அவருக்குச் சம்மதம்தான் என்றேன். அவர் நல்ல மனிதர். பொறுமையாக, இந்தியில், அவர் மாதுங்காவிலா இருக்கிறார் என்று கேட்டார். இல்லை என்றேன். நீதானே செம்பூர் என்று எழுதினாய், இப்போது மாதுங்கா என்று எழுதினால் தணிக்கைக்காரன் உன்னை விடுவானா, என்னை விடுவானா என்றார். அவர் சொன்னது கணக்குத் தணிக்கைக்காரரை. எங்களையும் தணிக்கை செய்ய ஆள் உண்டு.

கோட்டுக்குக் கீழே போனவர்களுக்கு யாரும் தகவல் அனுப்புவதில்லை. அஞ்சல் அட்டை வராது, அவ்வளவுதான். அட்டை எழுதுவது நான். அந்த வாரம் எழுதி முடித்த பிறகு டீச்சருக்கென்று வழக்கம்போல் எடுத்துவைத்திருந்த அட்டை மீந்துபோயிருந்தது. அதை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

சில வாரம் கழித்து முத்தையா கேட்டார்.

"டீச்சரம்மா ஏன் சார் வரதில்ல? மேலுக்கு முடியலையா?"

பயணப்படிச் சிக்கனத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் டப்பாக்களைக் கீழே வைத்தார்.

"எங்க மொதலாளி ஒரு படத்துக்குக் கட்டுற காசுல அந்த அம்மா சாகுற வரைக்கும் ரயில்ல வரலாமே, சார்."

அந்தக் காசு வேறு, இந்தக் காசு வேறு என்றேன்.

"காசுல என்ன சார் வேற?" என்று கேட்டுவிட்டு, டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஓர் அறை

மழை தொடங்குவதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துச் செம்பூருக்குப் போனேன். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் காலனி வீடுகள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடை காற்றில் இருந்தது. ஒரு வீட்டின் பின்பக்கம் தனியாக ஒட்டிக்கட்டிய அறை. தகரக் கதவு. என் காலடிச் சத்தம் கேட்டதும் கதவு திறந்துவிட்டது.

"நீங்களா, சார். போஸ்ட்மேன்னு நெனச்சேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் சர்ச் காலண்டர். நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். ஜன்னல் திண்டில் அந்தக் கோடு போட்ட நோட்டு இருந்தது. அதன்மேல் பென்சில், சீவி வைத்தபடி.

நான் யோசித்துக் கொண்டுபோயிருந்ததைச் சொன்னேன். என் மாதுங்கா விலாசத்தை அவருடைய விலாசமாகக் கொடுத்துவிட்டால் பட்டியலில் பெயர் மேலே போய்விடும். அஞ்சல் அட்டை வந்தால் நானே கொண்டுவந்து தருவேன். பதிவேட்டில் நானே மாற்றிவிடுகிறேன். என் வேலைக்காலத்தில் உண்மையில்லாத ஒரு வரி எழுதச் சம்மதித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அறையில எத்தன பேரு, சார்?"

"மூணு பேர்."

"மூணு ஆம்பிளைங்க இருக்கிற ரூம்ல நாலாவதா நானா?" சிரித்துவிட்டார். "இப்படி ஒரு சீன் வந்தா நானே வெட்டச் சொல்லுவேனே."

நானும் சிரித்தேன். சிரித்து நாளாகியிருந்தது.

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அவருடைய பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஆட்களைக் குறைத்தபோது, தூரத்திலிருந்து வருபவர்களைத்தான் முதலில் நிறுத்தினார்களாம். மழைக்காலத்தில் தாமதமாக வருவார்கள் என்று காரணம். மாதுங்காவில் இருந்ததால் தப்பித்தார். அவருக்குப் பக்கத்து வகுப்பில் கற்பித்த சிநேகிதி தப்பவில்லை. தம்பி வீட்டைக் காலி செய்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. அறையை மாற்றிக்கொண்டார், விலாசத்தை மாற்றவில்லை.

"ரூபாய் குறைஞ்சா பரவால்லன்னு இருந்தேன். அங்க வந்து உக்காந்தா, நீங்க என்ன நெனக்கிறீங்கன்னு நாலு பேரு திரும்பிப் பாத்துக் கேப்பாங்க. வேற எங்க கேக்காங்க?"

"நான் உங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும், டீச்சர்."

"ஆமா. கேட்டிருக்கணும்" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. எழுந்துபோய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன படம்?" என்று கேட்டார்.

நான் உள்ளே போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். ஆங்கிலப் படம் என்று ஆரம்பித்து வாசித்தேன். முதலில் மழை. ஒரு கதவு மூன்று முறை திறந்து மூடுகிறது. ஓர் ஆணும் பெண்ணும் தணிந்த குரலில் வெகுநேரம் பேசுகிறார்கள். மோட்டார் வண்டி கிளம்பிப் போகிறது. பிறகு அழுகை.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "அழுதது யாரு?"

"ஆண்."

"ரொம்ப நேரமா?"

"ஒரு நிமிஷத்துக்கும் குறைவு."

"அப்புறம்?"

"கடைசியில் ஒரு நாய் குரைக்கிறது. உடனே சங்கீதம். அத்தோடு முடிந்துவிட்டது."

"நாய் தெரிஞ்ச ஆளப் பாத்துக் குரைச்சதா, தெரியாத ஆளப் பாத்தா?"

அதை நான் எழுதவில்லை. எத்தனை முறை குரைத்தது என்பதை மட்டும் எழுதியிருந்தேன். ஐந்து.

"தெரிஞ்ச ஆளுதான்" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே. "அவ திரும்பி வந்துட்டா, சார்."

பிற்சேர்க்கை

அந்த மழைக்காலத்தில் ரயில்கள் அடிக்கடி நின்றன. நானும் போகவில்லை. மழை விட்டபின் போனபோது அந்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. கையில் குழந்தையோடு நின்ற பெண், அந்த அம்மா விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், வேண்டுமா என்று கேட்டாள். இந்த முறை வேண்டாம் என்றேன்.

அந்த ஆங்கிலப் படம் பிறகு வி.டி. பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் இரண்டு வாரம் ஓடியது. அலுவலகம் விட்டு வரும் வழியில் ஒருநாள் டிக்கெட் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தபோது வெளியே வந்துவிட்டேன்.

நாட்குறிப்பில் அந்தப் படத்துக்கு எதிரே, முடிவு என்ற இடத்தில், "அவள் திரும்பி வந்துவிட்டாள்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. நான் அதைச் சரிபார்க்கவில்லை.